இருபத்திரண்டு மில்லி

கொத்தனாருக்குக் காரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அது மணல் ஏற்ற உதவாத வண்டி. முப்பது வருஷமாகச் சுவர் எழுப்புகிற மனுஷர். வேலை செய்யும் இடத்தில் அவருக்குத் தூக்குக்குண்டு என்று பட்டப்பெயர். நிற்பதும் நேராக நிற்பார், வாயிலிருந்து விழுவதும் நேராகத்தான் விழும். வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் அந்த முதுகு கட்டிலைப் பார்க்கும். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் படுக்க மனம் வரவில்லை. முற்றத்தில் மருமகள் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பழைய போர்வையை வண்டியின் ஓரத்தில் விரித்து, அதன்மேல் சாமான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. டவுனில் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். மேட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டில் ஓர் இடத்துக்கு மூன்று வருஷம் முன்பு எழுதிப் போட்டிருந்தாள். ஒரு நாள் வயசுக் குழந்தையின் நரம்பைக் கண்டுபிடித்து ரத்தம் எடுப்பது எல்லோருக்கும் வருகிற வேலை இல்லை. வியாழக்கிழமை அங்கிருந்து மேற்பார்வை மேடம் போன் செய்தார். திங்கள் முதல் வரலாம், ஆனால் காலை ஐந்து மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார். மேட்டுக்கு முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். ஏழு கிலோமீட்டரும் ஏற்றம். காரை விட்டால் வேறு கதி இல்லை.

அந்தக் கார்தான் இரண்டு வாரமாகப் படுத்தியது. ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரம்மாவிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. சின்ன எஞ்சின்தான், ஆனால் அதில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுவதுபோல அது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊதும்; அதனால்தான் சின்ன எஞ்சின் பெரிய ஏற்றம் ஏறும். இப்போது அதற்குள்ளிருந்து, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஒர்க்ஷாப்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சூப்பர்சார்ஜர் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், சாமான் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை மேட்டில் ஏற்றினால் பாதியில் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். அதற்குள் இருக்கிற ஆயிலை எப்போதாவது மாற்றியிருக்கிறதா என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அது ஆயுசுக்கும் போட்ட ஆயில், யாரும் தொடுவதில்லை என்றாராம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னாள். "யாரோட ஆயுசுக்குன்னு அவர் சொல்லல."

பிறகு இரண்டு நாள் அந்த வண்டியோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூப்பர்சார்ஜருக்கென்று தனி வயிறு, தனி ஆயில். எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு டம்ளர்கூட நிறையாது, நூற்று நாற்பது மில்லிதான். கீழே திறந்துவிட வழி கிடையாது, ஊற்றுகிற துவாரம் வழியாகவே உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைப் படித்ததும் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இதைத்தானே நான் தினம் செய்கிறேன் என்றாளாம்.

மகன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். வாய்க்குப் பூட்டு கிடையாது. டீ டம்ளரோடு முற்றத்துக்கு வந்தவன், போர்வையின்மேல் இருந்த சிரிஞ்சைப் பார்த்தான்.

"ரத்தம் எடுக்கிறவ கையில காரும் மாட்டிக்கிச்சா? எடுக்கிறதுதான் எடுக்கற, சுகர் இருக்கான்னும் பாத்துடு."

"உங்களுக்குப் பாத்த ரிசல்ட்டையே நீங்க இன்னும் வாங்க வரல," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

மகன் டீயைக் குடித்தான்.

கொத்தனார் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் வாங்கிய ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப், கோடு போட்ட அளவுக் குடுவை இரண்டு, புது ஆயில் பாட்டில், ஆறு மூலை ஆலன் கீ, கிழித்து மடித்த பனியன் துணி, ஒரு நோட்டு, பேனா. எடுக்கிற வரிசையிலேயே வைத்திருந்தாள். அவரிடம் எத்தனையோ பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கொத்துக்கரண்டியை எங்கே வைத்தோம் என்று பாதி நாள் தேடுவார்கள். ஓர் ஆள் வேலைக்காரனா இல்லையா என்பது வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

"மாமா, வண்டி மட்டமா நிக்கணுமாம். இந்தத் தரை மட்டம்தானே?" என்று கேட்டாள்.

யாரிடம் என்ன கேட்கிறாள். நாலு வருஷம் முன்பு இந்த முற்றத்தை அவரே ஒற்றை ஆளாகப் போட்டார். உள்ளே போய்ப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து, வண்டிக்கு முன்னால் குறுக்கே வைத்தார். நடுவில் இருக்கிற குமிழி இரண்டு கோட்டுக்கும் மத்தியில் அசையாமல் நின்றது. பின்னால் போய்க் குறுக்கே வைத்தார். அங்கேயும் அப்படியே.

"கண்ணை மூடிட்டு வேலையப் பாரும்மா," என்றார்.

மூடி கழற்றும்போதுதான் முதல் மல்லுக்கட்டு. பிளாஸ்டிக் உறையையும் ஒரு காற்றுக் குழாயையும் எடுத்துவிட்டால் சூப்பர்சார்ஜரின் மூக்கு தெரிந்தது. அதன் பக்கவாட்டில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு திருகுமூடி. எத்தனை வருஷமாக யாரும் தொடாததோ, ஆலன் கீ வளைந்ததே தவிர மூடி அசையவில்லை. மகன் ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து, இதைக் கீயில் மாட்டி ஏறி மிதித்தால் வந்துவிடும் என்றான். அவள் வேண்டாம் என்றாள். சுற்றிலும் அலுமினியம், மறை போய்விட்டால் வண்டியே போச்சு. கொத்தனார் எழுந்து வந்து, கரண்டியின் மரக் கைப்பிடியால் கீயின் தலையில் தட்டினார். டைல்ஸ் பதிக்கும்போது தட்டுகிற தட்டு அது. உடைக்கவும் கூடாது, உட்காரவும் வேண்டும். இருபது முப்பது தட்டு தட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் கீயைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள். டக் என்று ஒரு சின்ன ஓசை. மூடி வந்துவிட்டது.

கூடவே நாற்றமும் வந்தது. அழுகின முட்டையும் கருகின முடியும் ஒன்றாகக் கலந்த நாற்றம். சமையலறை ஜன்னலிலிருந்து கொத்தனாரின் மனைவி எட்டிப் பார்த்து, அங்கே எது செத்துக் கிடக்கிறது என்று கேட்டாள். உங்க மருமகளோட காருக்கு வயிறு சரியில்லை என்று மகன் பதில் சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனான்.

அவள் முகம் சுளிக்கவே இல்லை. ட்யூபைத் துவாரத்துக்குள் விட்டாள். அது எங்கேயோ முட்டி நின்றது. தள்ளவில்லை. விரல் நுனியில் ட்யூபை ஒரு சுற்றுச் சுழற்றினாள். வழுக்கிக்கொண்டு அடிவரை போனது. சிரிஞ்சை மாட்டிப் பின்னால் இழுத்தாள். அவ்வளவு நிதானமாக ஒருத்தர் எதையும் இழுத்து அவர் பார்த்ததில்லை. கருப்பாக, களிம்பு மாதிரி, ஓர் இழையாக ஆயில் ஏறியது.

"இவ்வளவு மெதுவா எதுக்கும்மா?"

"வேகமா இழுத்தா காத்துதான் வரும் மாமா. ரத்தத்துலயும் அப்படித்தான், அவசரப்பட்டா அணு உடைஞ்சு சாம்பிள் வீணாயிடும். திரும்ப அந்தக் குழந்தையைக் குத்தணும்."

இழுத்ததைக் குடுவையில் விட்டாள். மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை பாதி வந்தது. பிறகு சொட்டு. பிறகும் விடவில்லை, ட்யூபின் நுனியை அங்கேயும் இங்கேயும் நகர்த்தி, சுரண்டித் தின்கிற குழந்தை மாதிரி மிச்சத்தை எல்லாம் வழித்தாள். கொத்தனார் அவள் கைகளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். சிமென்ட் தின்று வெடித்த கை. கனத்தைத் தூக்கிக் காட்டுவதுதான் கைக்குப் பெருமை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். கனமே இல்லாத ஒன்றை இப்படிப் பிடிப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

மொத்தம் தொண்ணூற்றாறு மில்லி. நோட்டில் எழுதினாள். நூற்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றாறு, அதுவும் தார் மாதிரி. கத்தாமல் என்ன செய்யும் பாவம் என்றாள். அவள் பேச்சில் வண்டியும் நோயாளிதான்.

புது ஆயில் தேன் நிறம். இரண்டாவது குடுவையில் சரியாக நூற்று நாற்பது அளந்து வைத்துக்கொண்டு, சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். விடுவது, நிற்பது, அடங்க விடுவது, மறுபடி விடுவது. துவாரத்தின் உதட்டுக்கு ஆயில் வந்தால் நிறைந்துவிட்டது என்று கணக்கு. வந்தது. ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டித் தரையிலும் விழுந்தது.

"முடிஞ்சதா? மூடிடு," என்றான் மகன்.

அவள் குடுவையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு மில்லி மிச்சம் இருக்கு."

"மிச்சம் இருந்தா நல்லதுதானே. அடுத்த தடவைக்கு ஆச்சு."

"பழசு ஒரு அஞ்சு மில்லி உள்ள ஒட்டிட்டு இருந்திருக்கும்னே வெச்சுக்கங்க. மீதி பதினேழு எங்க? நூத்து நாப்பது பிடிக்கிற இடம் நூத்துப் பதினெட்டுல எப்படி ரொம்பும்?"

ஒர்க்ஷாப்பில் எல்லாம் இப்படி எவன் அளக்கிறான், குத்துமதிப்பாக ஊற்றி மூடிவிட்டுப் போவான் என்றான் மகன். அவள் அதற்கும் கோபப்படவில்லை. நீல மூடி போட்ட ஒரு ட்யூப் உண்டு, அதில் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும், கோட்டுக்கு ஒரு நூல் குறைந்தாலும் ரிசல்ட் பொய் சொல்லும், பொய் ரிசல்ட்டை நம்பி டாக்டர் மருந்து கொடுப்பார் என்றாள். குறைகிறது என்று தெரிந்தே மூடி போட என்னால் முடியாது. ஏற்றத்தில் பல்சக்கரம் ஆயில் இல்லாமல் தேய்ந்தால் நாளைக்குக் காலையில் நாலே முக்காலுக்கு நான் நடு ரோட்டில் நிற்பேன், மேலே குழந்தைகள் காத்திருக்கும். அதற்குப் பதில் இன்றைக்கே வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

அப்படிச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. மூன்று வருஷமாகக் காத்திருந்த இடம்.

அந்த நேரம் பார்த்து மாமியார் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். இந்த நாற்றம் தரையில் ஊறினால் மழைக்காலம் வரை போகாது என்று சொல்லிக்கொண்டே, சொட்டு விழுந்த இடத்தில் சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம்கூட நிற்கவில்லை. வண்டியின் மூக்குக்கு முன்னால் கோடு கிழித்தாற்போல் நேராக ஓடி, கேட்டின் அடியில் இருக்கிற சாக்கடைக்குள் விழுந்தது.

கொத்தனாரின் கண் அந்தத் தண்ணீரோடு சாக்கடை வரை போனது.

முற்றம் போடுகிறவன் நீளவாக்கில் வாட்டம் கொடுத்துத்தான் போடுவான். இல்லையென்றால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒரு தடவை அப்படி வந்து கட்டில் கால்வரை நனைந்தது. அந்தக் கோபத்தில் இவர் பத்தடிக்கு மூன்று அங்குலம் சாய்வு கொடுத்திருந்தார். சாய்வு கண்ணுக்குத் தெரியாதபடி இழைத்திருந்தார், அதுதான் அவர் கைவேலை. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்ததும் பழக்கதோஷம். குறுக்கே மட்டம் இருக்கிறதா என்றுதான் முற்றத்தில் எப்போதும் பார்ப்பது. நீளவாக்கில் நூல் பிடித்துச் சாய்ப்பதோடு சரி. மருமகளோ வண்டியை எப்போதும் மூக்கு கேட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவாள். மூக்கு பள்ளத்தில் இருந்தால் ஆயில் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். துவாரம் முன்னால் இருக்கிறது. நிறையாமலே நிறைந்த மாதிரி காட்டும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் தான் போட்ட தரையிலேயே, தூக்குக்குண்டு என்று பேர் வாங்கியவன் சறுக்கினால்? கண்ணை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று வேறு சொல்லியாயிற்று. மகன் பக்கத்திலேயே நிற்கிறான், அவன் வாயில் விழுந்தால் வருஷக்கணக்கில் மெல்லுவான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இவள் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுவாள். டவுன் ஆஸ்பத்திரிக்கே போய் வருவாள். வீடும் வழக்கம்போல் ஓடும். ஒரு நிமிஷம் அப்படி நின்றார். அவளோ நோட்டை விரித்து, தான் போட்ட கணக்கிலேயே எங்கே பிழை என்று மறுபடி தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"அம்மா, தப்பு உன் கையில இல்ல. என் தரையில இருக்கு."

சொல்லி முடித்தார். குறுக்கே பார்த்தது, நெடுக்கே பார்க்காதது, மூன்று அங்குலம், எல்லாவற்றையும் சொன்னார். மகன் வாயைத் திறந்தான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

மருமகள் நிமிர்ந்து தரையைப் பார்த்தாள். குனிந்து உட்கார்ந்து, கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் தெரியல மாமா. எப்படி இவ்வளவு வழவழன்னு சாய்ச்சீங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

கொத்தனார் உள்ளே போய்த் தண்ணீர் மட்டக் குழாயைக் கொண்டுவந்தார். விரல் கனத்தில் கண்ணாடி போன்ற நீளக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் என்ன இருந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ரசமட்டம்கூடச் சில சமயம் ஏமாற்றும், தண்ணீர் ஏமாற்றாது. ஒரு முனையை அவர் முன்சக்கரத்தின் நடுவில் பிடித்தார், மறுமுனையை அவள் பின்சக்கரத்தில். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதை எடுக்க ஒவ்வொரு புது ஆளுக்கும் அவர் ஒருநாள் பூராவும் கத்த வேண்டியிருக்கும். இவள் குழாயைக் கையில் வாங்கியதுமே கண்ணுக்கு நேராகத் தூக்கி, நகத்தால் இரண்டு சுண்டு சுண்டினாள். குமிழி மேலேறி ஓடிவிட்டது. அவர் சொல்லவே இல்லை.

முன்பக்கம் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத் தாழ்ந்திருந்தது. திருகுமூடியைக் கையால் இறுக்கி வைத்தார்கள். மகன், வாயால் செய்யாததைக் கையால் செய்கிறேன் என்று ஜாக்கியை எடுத்து வந்தான். ஒவ்வொரு முன்சக்கரமாகத் தூக்கி, சாரப்பலகைத் துண்டுகளைச் சொருகி இறக்கினார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் செங்கல் கொடுத்தார் கொத்தனார். மறுபடி குழாய் பிடித்தார். ஒரு மெல்லிய தகரத்தைச் சொருகச் சொன்னார். மறுபடி பிடித்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடுவில் வந்து நின்றது. இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, குறுக்கேயும் நெடுக்கேயும் மூன்று தடவை பார்த்தபிறகே தலையை ஆட்டினார்.

கால் மணி நேரம் அடங்க விட்டாள். மூடியைத் திறந்தாள். உதட்டில் நின்ற ஆயில் உள்வாங்கிப் போயிருந்தது. சிரிஞ்சை எடுத்தாள். பதினைந்து போனது. பதினாறு. விளிம்பில் ஒரு மெல்லிய பளபளப்பு வந்து நின்றது. நிறுத்தினாள்.

"பழசு அஞ்சு, இது பதினாறு. ஒண்ணு இடிக்குது," என்று சொல்லிவிட்டு ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ட்யூபின் சுவரில் தேன் நிறத்தில் ஒரு கோடு. "இதோ, இங்க இருக்கு."

ஒரு மில்லியையும் கண்டுபிடித்துவிட்டாள். கொத்தனார் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், நல்ல பெண் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அங்கே போய் என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவள் டீ கொண்டுவரும்போது எழுந்து நின்றிருப்பார்.

மூடியை அவளே பூட்டினாள். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, இரண்டே விரலால். பலகைகளை எடுத்து வண்டியை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தாள்.

சத்தம் வந்தது. அதே கூழாங்கல். மகன் தரையைப் பார்த்தான். அவள் இறங்காமல், கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி காத்திருந்தாள். ஒரு நிமிஷம் போனது. கூழாங்கல் மணலாகக் குறைந்தது. பிறகு அதுவும் போய், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சீரான ரீங்காரம் மட்டும் இருந்தது. பேசினால் சத்தம் திரும்பி வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

நாலு மணிக்கு மேட்டுக்கு ஒருதடவை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். மாமாவைக் கூட வரச் சொன்னாள். ஏற்றத்தில் சத்தம் மாறினால் அவர் காதுக்குத் தெரியும் என்றாள். காரில் முன்சீட்டில் உட்கார்ந்தே பழக்கமில்லாத மனுஷர் பெல்ட்டோடு மல்லுக்கட்டி உட்கார்ந்தார். முதல் வளைவில் அவர் கால்கள் தானாகவே தரையை அழுத்தின. இரண்டாவது வளைவில் ஒரு லாரி ஜல்லி ஏற்றிக்கொண்டு முக்கி முனகிப் போனது. அதன் பின்னாலேயே ஊர்ந்தாள்.

கொத்தனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். கூழாங்கல் இல்லை. மணலும் இல்லை. துருத்தி ஒழுங்காக ஊதிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இவன் பின்னாடி போற? ரோடு காலியாத்தான் இருக்கு. அழுத்து."

அவள் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு அழுத்தினாள். வண்டி ஒரு மூச்சை இழுத்துவிட்டு ஏறியது. லாரி பின்னால் போனது. மூன்றாவது வளைவும் பின்னால் போனது.

மேலே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, மூடியைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல மேடம், பஸ் வேணாம். வண்டி இருக்கு. இப்பதான் ஏத்திப் பாத்தோம், நானும் எங்க மாமாவும்," என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி மேடம், சரி மேடம் என்றாள். வைத்துவிட்டு, நாலே முக்காலுக்கே கையெழுத்துப் போட வேண்டுமாம், முதல் வாரம் பதினொரு குழந்தைகள் இருக்கிறார்களாம் என்றாள். கண் கலங்கியிருந்தது. வண்டி வாசனை இன்னும் கையில் இருந்ததால் துடைக்காமல் நின்றாள்.

கொத்தனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"அப்போ மூணரைக்கே எழும்பணும் நீ," என்றார். "வா, சீக்கிரம் போய்ச் சாப்பிட்டுப் படு."